சாய்ந்தே தப்பித்த அண்ணனுக்கு

என் பாசமான நெட்டையண்ணே,

சுகமா என்று கேட்டால் நீ சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. அங்கே வாசல்களையெல்லாம் உயரமாகக் கட்டியிருப்பார்கள் என்று மட்டும் நம்புகிறேன். நம் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா வாசல் இன்னும் அதே உயரம்தான். நீ நெற்றியால் இடித்து இடித்து வழுவழுப்பாக்கிய நிலைக்கட்டையில் இப்போது ஒரு பல்லி குடியிருக்கிறது. அதற்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். கோபப்படாதே, அதுவும் உடம்பு நீண்ட பல்லிதான்.

நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. நினைவு நாளில் வாசிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் விளையாட்டுக் கழகத்துக்காரர்கள் கேட்டார்கள். "சிரிக்கிற மாதிரி எழுதுங்க செல்வியக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் பென்சிலைத் திட்டு. சிரிக்கிற மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன், அண்ணே. பயம்தான் வருகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. உன் பெட்டியின் நீளம் போதவில்லை என்று எழவு வீட்டிலேயே தச்சு ஆசாரியை வம்புக்கு இழுத்தவள் நான். அப்படிப்பட்டவள் பயமாக இருக்கிறது என்றால், அடுத்து என்ன பகடி வரப்போகிறதோ என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் எப்போது பயந்துபோய்ச் சிரிக்கிறேன் என்று கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீதான். நீயும் மண்ணுக்குள்ளே போய்விட்டாய், இனி நான் யாரிடம் சொல்வது?

பயம் உன் மகள் கமலியைப் பற்றியது. அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ அங்கிருந்து பார்ப்பாயோ என்னவோ. எல்ல டவுனில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. ரோட்டிலிருந்து விடுதிவரை படிக்கட்டு ஏறி வெள்ளைக்காரர்களின் பெட்டிகளைச் சுமக்கிறாள். பின்னேரம் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் உன்னைப் பழக்கிய நிசாம் மாஸ்டரிடமே பொக்சிங் பழகுகிறாள். உன்னை மாதிரியே ஹெவிவெயிட். உன்னை மாதிரியே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து விளையாடுகிறாள். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

உன் விளையாட்டை நீ பார்த்ததில்லை. பார்த்தவர்கள் நாங்கள். தேயிலை ஸ்டோரில் மற்றவர்கள் ஏணி வைத்து எடுக்கிற பெட்டியை நீ நின்ற இடத்தில் நின்று எட்டி எடுப்பாய். ரிங்கில் ஏறினால் அந்தக் கைகள் இரண்டும் இடுப்புக்குக் கீழே தொங்கும். சந்தைக்குப் பை தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி நிற்பாய். எதிரே வருகிறவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பூனை மாதிரி வருவான். உனக்கு அந்த மூடல் தேவைப்படவில்லை. அவன் குத்து உன் முகத்துக்கு வர வேண்டுமென்றால் அது ஒரு தூரப் பயணம். கிளம்பும்போதே நீ கண்டுகொள்வாய்.

அப்புறம் அந்தச் சாய்வு. காலை அசைக்க மாட்டாய். இடுப்பிலிருந்து மேலே மட்டும் பின்னால் போகும், காற்றுக்குச் சவுக்கு மரம் போகிற மாதிரி. அவனுடைய கிளவுஸ் உன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து, எட்ட முடியாமல் நின்றுவிடும். அவன் கையைத் திரும்ப இழுப்பதற்குள் உன் இடது கை அவன் முகத்தில் இருக்கும். நீட்டமான கையும் நீட்டமான முதுகும் இருக்கிறவனுக்கு மட்டும் சரிவருகிற விளையாட்டு அது. உன் காவலே உன் நீளம்தான்.

நம் ஆட்கள் பஸ் பிடித்து வந்து கத்துவார்களே, "சாய்டா மாணிக்கம், சாய்" என்று. ராமையா அண்ணன்தான் அதற்குத் தலைவர். எதிராளியை வம்பிழுப்பது என் வேலை, சாயச் சொல்வது அவர்கள் வேலை. நீ சாய்வாய், மண்டபமே சிரிக்கும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை குனிந்தே நிற்கிற சனம், அன்றைக்கு நிமிர்ந்து கத்தும். நீ ஒரு தடவை சாய்ந்தால் அவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு இருக்கும்.

ஆனால் உனக்கு வயசு வந்தது. உயரம் குறையவில்லை, கை குறையவில்லை. நீ சாய்ந்ததும் அதே இடத்துக்குத்தான். கண் இமைக்கிற நேரம் பிந்திச் சாய்ந்தாய், அவ்வளவுதான். முன்பு மூக்குக்கு முன்னால் நின்ற கிளவுஸ், அதன் பிறகு மூக்கில் வந்து நின்றது. நிசாம் மாஸ்டர் மூலையில் நின்று கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று தொண்டை கிழியக் கத்தினார். நீ தூக்கவில்லை. பாவம், உனக்கு அது தெரியாது. அதுவரை தேவையே படாத ஒன்றை நீ எப்போது பழகியிருப்பாய்?

ஹெவிவெயிட் ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பதால் பழக வருகிறவனெல்லாம் உன் மேலேதான் பழகினான். அதிலும் எத்தனை பட்டிருக்கும். தலைக்கவசம் தோலைக் காப்பாற்றும், உள்ளே குலுங்குவதை அது தடுக்காது என்று பிறகு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கடைசியில் உனக்கு வந்த மறதிக்கு அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் கையில் கோப்பையை வைத்துக்கொண்டே கேட்பாய். "செல்வி, தேத்தண்ணி போட்டியா?"

"இப்பத்தானே குடிச்ச. வயித்துல ஓட்டையாண்ணே?"

நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மறுபடியும், "செல்வி, தேத்தண்ணி போட்டியா?" நான் மறுபடியும் அதே பகடியை விடுவேன், நீ புதுசாகச் சிரிப்பாய். வெளியே இருந்து கேட்டவர்களுக்கு அண்ணனும் தங்கச்சியும் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று தோன்றியிருக்கும். ஒரே பகடிக்கு ஒரு மனுசன் எத்தனை தடவை சிரிப்பான்? எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பயமாக இருந்தது, அண்ணே. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னாலும் மறந்திருப்பாய்.

இனி கமலி. உனக்கு முன்னாலேயே அங்கே போன அண்ணி பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு, ஏனென்றால் இது அவள் உடம்பு. கமலிக்கு உன் கண், உன் பிடிவாதம், உன் காது மடல். மற்றதெல்லாம் அண்ணி. அதே அகலத் தோள், அதே குட்டைக் கை, அதே உரல் மாதிரிக் கால். கழுத்தா அது, பலா மரத்து அடி. அவளோடு மோத வருகிற ஹெவிவெயிட் பெண்களெல்லாம் அவளைவிட ஒரு தலை உயரம். அவர்களுக்கு முன்னால் இவள் உன் மாதிரிச் சாய்ந்தால் என்ன ஆகும்? இவள் சாய்கிற தூரத்தைவிட அவர்கள் கை நீளம்.

நிசாம் மாஸ்டருக்கு அது முதல் நாளே தெரியும். பதுளைக் கடைவீதியில் அவருடைய செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"இவட ஒடம்பு வேற செல்வி. நாடிய நெஞ்சுல வெச்சி, கைய ஒசத்தி, குனிஞ்சி உள்ளுக்குப் போகோணும். பக்கத்துக்குப் போனா நீட்டக் கைக்கு வேலயில்ல. நான் செல்றத பழகக்குள்ள கேக்கிறா, அழகாச் செய்றா. ரிங்குல ஏறினா ஒங்கட ஆக்கள் செல்றதத்தான் கேக்கிறா."

"எங்க ஆளுங்க என்னா சொல்றாங்க மாஸ்டர்?"

"சாயச் செல்றாங்க."

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குப் பண்டாரவளையில்தான் விளங்கியது. அங்கே நடந்த போட்டிக்கு நம் சனம் ஒரு பஸ் நிறையப் போனது. முதல் ரவுண்டில் கமலி மாஸ்டர் சொன்ன மாதிரியே ஒடுங்கி, குனிந்து நின்றாள். நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. "ஏன் புள்ள கூனிக்கிட்டு நிக்கிற, சாய்" என்று ராமையா அண்ணன் தொடங்கினார். பஸ்ஸே சேர்ந்துகொண்டது. உன் பெயரையும் சேர்த்துக் கத்தினார்கள். அவள் கைகள் மெதுவாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

சாய்ந்தாள். மண்டபம் சிரித்தது. இன்னொரு தடவை சாய்ந்தாள், முதுகு கயிற்றில் முட்டியது. அதற்கு மேல் சாய இடமில்லை. தூக்கிய நாடியில் அந்த உயரப் பெண்ணின் வலது கை வந்து விழுந்தது. கமலி உட்கார்ந்தே விட்டாள், கொழுந்து நிறுத்துக் களைத்தவள் உட்கார்கிற மாதிரி. எழும்பினாள், ஆனால் நடுவர் நிறுத்திவிட்டார்.

உடுப்பு மாற்றுகிற அறையில் நான்தான் அவள் முகத்தைத் துடைத்தேன். தெளிவாகத்தான் பேசினாள். "அத்தே, நம்ம பஸ்ஸுலயா வந்தோம், ரயில்லயா?"

"பஸ்ஸுலதாண்டி. முன் சீட்டுல குந்திக்கிட்டு டிரைவர வம்பிழுத்தமே."

சிரித்தாள். கையில் சுற்றிய துணியை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "அத்தே, நம்ம பஸ்ஸுலயா வந்தோம், ரயில்லயா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என் மருமகள் அல்லவா. "ஏரோப்ளேன்ல வந்தோம்" என்றேன். அதற்கும் சிரித்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் தரமும் அதையே கேட்டாள்.

அண்ணே, அந்த அறையில் என் வாயில் பகடியே இல்லை. உன் கோப்பை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நீ போனது போதாதென்று, உன் கேள்வி மட்டும் தனியாகத் திரும்பி வந்து அவள் வாயில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கொஞ்ச காலம் ரிங் பக்கமே போகக்கூடாது என்றார்கள். அவள் போகவில்லை. அடுத்த நாளே பழையபடி பேசினாள், கணக்குப் பிசகவில்லை, எதையும் மறக்கவில்லை. அந்தக் காலம் முடிந்து டாக்டர் சரி சொன்னதும், பதுளையில் நடக்கிற மாகாணப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாள். நான் அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் புள்ள. எல்லயில பெட்டி தூக்குற இல்ல, அது காணாதா?"

"வெள்ளக்காரி பெட்டிய விட அவ குத்து லேசு அத்தே."

"அப்ப ஏன் விழுந்த? தரை குளிரா இருக்கான்னு பாக்கவா?"

சிரித்தாள். அப்புறம் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் கூனி நின்னா ராமையா மாமா மூஞ்சி சுருங்குது அத்தே. ரிங்குல இருந்தே தெரியுது. அவங்க என்னயப் பாக்க பஸ் ஏறல. அப்பாவ இன்னொருக்கா பாக்க ஏறுறாங்க."

"ஒனக்கு?"

"எனக்கும்தான். அப்பாவ நான் வேற எங்க போயிப் பாக்கிறது?"

ரொட்டி கருகுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். ரொட்டி இன்னும் அடுப்பிலேயே போடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் முழங்கால் வீங்கியிருந்ததால் என் கொழுந்தைச் சுமக்கக் கமலி மலைக்கு வந்தாள். பதினோராம் நம்பர் மலை எப்படி என்று உனக்குத் தெரியும், ஆடு ஏறினாலும் யோசிக்கும். கொழுந்துச் சாக்கின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் புறப்பட்டாள். நாலடி வைத்திருப்பாள். பழக்கமில்லாத பிள்ளை தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கயிறு பின்னால் வழுக்கியது, சாக்கு அவளைப் பின்னுக்கு இழுத்தது.

தேயிலை நிரையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். "நாடிய இறக்கு புள்ள, கயிறு வழுக்குது."

புதுசாக வருகிற யாருக்கும் நாங்கள் கத்துகிறதுதான் அது. எனக்கும் ஒரு காலத்தில் அண்ணி கத்தியிருக்கிறாள். சுமையோடு மலை ஏறுகிறவள் நாடியை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், கழுத்தைத் தோளுக்குள் இறக்க வேண்டும், புருவத்துக்குக் கீழிருந்து பாதையைப் பார்க்க வேண்டும், சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கமலி இறக்கினாள். இரண்டு கையும் தானாகவே உயர்ந்து காதோரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டன. அப்படியே ஏறினாள், நிற்காமல், சறுக்காமல்.

நான் கீழே நின்று பார்த்தேன். மாஸ்டர் செருப்புக் கடையில் சொன்ன அத்தனையும் என் கண்ணுக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டிருந்தது. அது அண்ணி நடந்த நடை. அப்பாவைத் தேடி ஓடுகிற பிள்ளை, அம்மாவை முதுகில் சுமந்துகொண்டே இருக்கிறாள், அது அவளுக்கே தெரியவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். என் பேச்சை எப்போது அவள் நிசமாக எடுத்திருக்கிறாள்? சொல்ல வேண்டியது அவளிடம் இல்லை, அந்தப் பஸ்ஸிடம் என்று அப்போதுதான் பட்டது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் கல்லின் மேல் ஏறி நின்றேன். "சனிக்கிழம பஸ்ஸுல வாற ஆளுங்க யாரும் சாய்னு கத்தக்கூடாது" என்றேன்.

சிரிப்பு எழும்பியது. "பின்ன என்னா செல்வியக்கா, தேவாரம் பாடுறதா?" என்றாள் ஒருத்தி. "இவ எதிராளிக்கிட்ட காசு வாங்கிட்டா" என்றான் இன்னொருத்தன். இன்னும் சிரிப்பு. நானும் வழக்கம்போல ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அண்ணே. அழுகை வந்தது. கல்யாணத்திலும் கருமாதியிலும் என்னைப் பார்த்த சனம் அது, நான் அழுது பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது தெரியுமா? பனி இறங்கினால் எதிர் மலை மறைகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசி ஆள்வரை.

பண்டாரவளை அறையில் கமலி கேட்ட கேள்வியைச் சொன்னேன். மூன்று தரம் கேட்டதைச் சொன்னேன். நீ தேத்தண்ணி கேட்டதையும் சொன்னேன்.

ராமையா அண்ணன் முன்னால் வந்தார். இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. "அப்ப நாங்க கத்தித்தான் மாணிக்கம் அப்பிடி ஆனானா? அதத்தான் சொல்றியா தங்கச்சி?"

"இல்லண்ணே. நீங்க கத்தினப்ப அவன் சந்தோசமா இருந்தான். அது எனக்குத் தெரியும். அவன் நீட்டம், அவன் சாஞ்சான். இவ நீட்டமில்ல."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். கோபமா, வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை பஸ் நிறைந்துதான் வந்தது. ராமையா அண்ணன் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதுளை மண்டபத்தில் ஹெவிவெயிட் பெண்கள் என்று வந்ததே மூன்று பேர்; அதில் ஒருத்தி காய்ச்சல் என்று விலகிவிட்டாள், அதனால் கமலிக்கு நேரே இறுதிப் போட்டி. எதிரே யார்? அதே உயரப் பெண்.

மணி அடித்தது. நம் சனம் ஒரு சத்தமும் போடவில்லை. இத்தனை வருசத்தில் நம் தோட்டத்து பஸ் ஊமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அது கத்தலைவிடப் பயங்கரம். கமலி திரும்பி ஒரு தடவை எங்களைப் பார்த்தாள். ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, கைகள் கீழே இறங்கின. சாய்ந்தாள். குத்து நெற்றியில் பட்டுத் தலைக்கவசம் கோணியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் நீ தெரிகிறாய், கோப்பையோடு. திறந்தேன்.

இரண்டாம் ரவுண்டில் மறுபடி அவள் நாடி மேலே போனது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். உடைந்த குரல், ஆனால் பழைய பலம்.

"கயிறு வழுக்குது புள்ள."

ராமையா அண்ணன். கொழுந்துச் சாக்கை ஒரு நாளும் சுமக்காத மனுசன். எனக்கு முன்னால் இருந்த பெண்களுக்கு அது போதும். "நாடிய இறக்கு" என்றார்கள், பதினோராம் நம்பர் மலையில் கத்துகிற அதே குரலில். அடுத்த வரிசையும் கத்தியது. கமலியின் கழுத்து தோளுக்குள் இறங்கியது. கைகள் காதோரம் ஏறின. சின்னச் சின்ன அடியாக, மடுவத்துக்குப் போகிறவள் மாதிரி, அந்த நீட்டக் கைகளுக்குள்ளே நுழைந்துவிட்டாள். குத்துகள் அவள் தோளிலும் முழங்கையிலும் விழுந்தன. முகத்துக்கு வழி கிடைக்கவில்லை. மாஸ்டர் மூலையில் நின்று கத்தவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தோற்றுவிட்டாள், அண்ணே. முதல் ரவுண்டில் விட்ட புள்ளிகள். கடைசி ரவுண்டு முழுக்க அந்த உயரப் பெண்தான் பின்னால் பின்னால் போனாள். முடிந்ததும் ராமையா அண்ணன் என்னிடம் வந்து, "மாணிக்கம் மாதிரி இல்ல" என்றார். "அவன் பொஞ்சாதி மாதிரி. சாக்கு சுமந்துக்கிட்டு என் வாசல் வழியா போறவ மாதிரியே இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

ஆனால் நான் எழுத வந்தது அதுவும் இல்லை. உடுப்பு மாற்றுகிற அறைக்கு ஓடினேன். முகத்தைத் துடைத்தேன். கையில் சுற்றிய துணியை அவிழ்க்கத் தொடங்கினேன். என் விரல்களுக்கு முடிச்சே பிடிபடவில்லை.

"அத்தே, திரும்பிப் போறது பஸ்ஸுலயா, ரயில்லயா?" என்றாள்.

"பஸ்ஸு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அப்புறம் காத்திருந்தேன். துணியை அவிழ்க்கும்போது காத்திருந்தேன். அவள் தண்ணீர் குடிக்கும்போது, சப்பாத்து மாற்றும்போது, மாஸ்டர் காலைத் தொட்டுக் கும்பிடும்போது காத்திருந்தேன். பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் தெமோதரை வந்தது. ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது, அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா அத்தே, என் மூஞ்சியில படமா ஓடுது? வந்ததுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கிற" என்றாள்.

"அடி வாங்கி வீங்கினப்பத்தான் கொஞ்சம் லட்சணமா இருக்கிற. அதான் பாக்கிறேன்" என்றேன்.

ஒரு தரம் சிரித்தாள். என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அந்தத் தலை எவ்வளவு கனம் தெரியுமா? இறங்கும் இடம்வரை நான் அசையவில்லை. அவள் மறுபடி கேட்கவே இல்லை.

இருந்தாலும் பயம் போகவில்லை, அண்ணே. அவள் நிறுத்த மாட்டாள், உன் பிடிவாதம் அது. அடுத்த போட்டி வரும். இன்னும் உயரமான பெண்கள் வருவார்கள். ஒரு நாள் அவளுக்கும் வயசு வரும், அந்தக் கழுத்தும் தளரும். மழை பலத்தால் மலைமேல் லய வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்கிறார்கள் அல்லவா, மலை எப்போது சரியும் என்று தெரியாமல். அந்த மாதிரித்தான் நானும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிசாம் மாஸ்டரிடம் பேசிவிட்டேன். இனி அவள் ஏறுகிற ஒவ்வொரு ரிங்கிலும் மூலையில் அவருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், தோளில் துண்டோடு. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்து அவள் ஸ்டூலில் உட்காரும்போது ஒரு பகடி விடுவேன். சிரித்தால் போகட்டும். ஒரே பகடிக்கு அவள் இரண்டாந்தரம் புதுசாகச் சிரித்த அன்றைக்கு, மாஸ்டரைக் கேட்க மாட்டேன், கமலியைக் கேட்க மாட்டேன், உன்னையும் கேட்க மாட்டேன். துண்டு ரிங்குக்குள் விழும், ஆட்டம் அங்கேயே நிற்கும். நம் தோட்டமே என்னைக் காறித் துப்பினாலும் விழும்.

கமலி அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள், தேத்தண்ணி போட்டாளாம். ஒரு தரம்தான் கூப்பிட்டாள். போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.

உன் மகளுக்குப் பக்கத்தில் கண் மூடாமல் இருக்கிற,
குட்டைத் தங்கச்சி,
செல்வி